மஞ்சள் காரின் நம்பர்

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கார் கட்டி ஓட்டியவர்கள் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தோம். இப்போது ஒருவரும் இல்லை. இதைக் கேள்விப்படும்போது சிலர் "எவ்வளவு நல்ல பொழுதுபோக்கு, இப்பிடிப் போயிட்டே" என்று உச்சுக்கொட்டுவார்கள். நான் எழுந்து போய்விடுவேன். அது போன விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்தவள் மட்டுமில்லை.

தொடங்கியது என் அண்ணன். ஷார்ஜாவில் ஒரு வெள்ளைக்காரரின் ஒர்க்ஷாப்பில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தான். அந்த முதலாளிக்கு இது ஒரு பைத்தியம். இங்கிலாந்திலிருந்து ஒரு முழுக் கார் துண்டு துண்டாக மரப்பெட்டிகளில் வரும். சேஸிஸ், ஃபைபர் பாடி, ஸ்டியரிங், திருகாணி வரைக்கும். எஞ்சினை மட்டும் ஏதாவது பழைய காரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை லீவில் முதலாளியும் அண்ணனும் சேர்ந்து பூட்டுவார்கள். 2004இல் வேலையை விட்டு அவன் ஊருக்கு வந்தபோது, மற்றவர்கள் டி.வி.யும் கம்பளியும் கொண்டு வருவதுபோல, ஒரு கட்டு வரைபடம் கொண்டு வந்தான். அவன் மனைவி, என் மைனி, ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

எனக்கு அப்போது முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் டிராயிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தான்.

"ஏட்டி, இதுல எல்லா அளவும் இஞ்சுல இருக்கு. நம்ம ஊர்ல கிடைக்கிற பைப்புக்குத் தக்க மாத்தி வரைஞ்சு தருவியா?"

அதற்குள் கடல் ஏறி வந்த அந்த டிசம்பர் வந்துவிட்டது. அடுத்த ஒரு வருஷம் யாருக்கும் கார் நினைப்பு இல்லை. பிறகு கடற்கரை ஊர்களில் எங்கே பார்த்தாலும் மீன்பிடிக்கிற ஃபைபர் வள்ளம் செய்கிற கொட்டகைகள் முளைத்தன. அப்படி ஒரு கொட்டகையில்தான் குளச்சல் பக்கத்து ஃபைபர்காரரை அண்ணன் பிடித்தான். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள், கழுத்தில் அந்தோணியார் டாலர். "வள்ளம் செய்யிற ஆளால காருக்குப் பாடி செய்ய முடியாதா?" என்று அண்ணன் கேட்டதற்கு அவர், "வள்ளத்துக்கு வெள்ளம் உள்ள வரக்கூடாது. காருக்கு என்ன வரக்கூடாதுன்னு சொல்லும், செய்யிலாம்" என்றாராம்.

சுசீந்திரம் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வயலை ஒட்டி, தகரக் கொட்டகை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய்விடுவோம். நான் வரைவேன், பைப்பை அளந்து வெட்டுவேன். அண்ணன் வெல்டு வைப்பான். ஃபைபர்காரர் பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கொண்டு காரின் உருவத்தைச் செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து ரெசின் பூசுவார். அந்த நாற்றம் சோற்றில்கூட வரும். கண்ணாடி நார் முழங்கைக்குள் ஏறி இரண்டு நாள் அரிக்கும். கியர் மாற்றுகிற கேபிளைப் படகு எஞ்சினின் கேபிளிலிருந்து வெட்டிச் செய்தோம். எத்தனை தடவை தப்பாக வந்தது! முதல் கியர் போட்டால் வண்டி பின்னால் போயிற்று. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். இல்லாவிட்டால் பின்னால் வந்ததைப் பார்த்து இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

எஞ்சினுக்காக நாங்கள் வாங்கியது விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் கார். பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் கடையில் கிடந்தது. முன்பக்கம் வலது மூலை டிரைவர் சீட்டுக்குப் பக்கம்வரை ஒடுங்கியிருந்தது. ஆனால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டு உறையில் காப்பிக் கலரில் ஒரு பெரிய கறை. நான் அதைப் பார்த்தேன். "மழைவெள்ளம் நின்ன கறை" என்றான் அண்ணன். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தால் ஒரு சர்வீஸ் பில், இரண்டு தலை கிளிப், காய்ந்து நாராகிப்போன பிச்சிப்பூச் சரம். அந்தச் சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டது நான்தான். சீட்டை வயலோரத்தில் எரித்தோம்.

கார் முடிந்தது. மஞ்சள் நிறம், கதவு கிடையாது, இரண்டு பேர் உட்காரலாம், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். வயல் நடுவில் போகிற ரோட்டில் அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்று கை கொட்டினார்கள்.

பதிவு செய்யப் போனோம். ஆபீஸில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். காரைச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார்.

"யாரு செஞ்ச வண்டி?"

"நாங்களே செஞ்சது சார்."

"அப்பிடி ஒரு கம்பெனி இல்லையே. நாளைக்குப் பிரேக் பிடிக்காம ஒருத்தர் செத்தா நான் யாரைப் போய்க் கேக்க? கண்காட்சியில வைங்க. ரோட்டுக்கு வேண்டாம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கு யோசித்தால், இந்தக் கதையில் சரியாக நடந்துகொண்ட முதல் ஆள் அவர். ஆனால் அன்று வெளியே வந்ததும் அண்ணன் அவரைத் திட்டின திட்டுக்கு நானும் தலையாட்டினேன். வாசலில் நின்ற புரோக்கர் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "எஞ்சின் எந்த வண்டியில எடுத்தீங்க? அதுக்க ஆர்.சி. புக் இருக்குல்லா? பின்ன என்ன? அந்த நம்பரையே இதுல அடியுங்க. பழைய ஓனருக்க கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க, பேரை மாத்தித் தாறேன்" என்றான்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் ஃபாரத்தைக் கொண்டு வந்தான். கூடவே அந்தப் பழைய சர்வீஸ் பில். அதன் அடியில் ஓனரின் கையெழுத்து இருந்தது.

"ஆளு கல்ஃப்ல இருக்காராம். இதுக்காக வர முடியாது. உனக்க கைதானே நல்ல கை. இதைப் பாத்து அப்பிடியே போடு பாப்போம்."

"இது தப்புல்லா?"

"வித்த வண்டிக்கு அவருக்கு இனி என்ன? அவரு இருந்தாலும் போட்டுத்தானே தரப் போறாரு."

கறையும் பிச்சிப்பூச் சரமும் எனக்கு ஞாபகம் இருந்தன. கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று ஒரு மூலையில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. டிராயிங் பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பழகினேன். முதல் எழுத்தில் ஒரு சுழி, நடுவில் வேகமான இறக்கம், கடைசியில் வலதுபக்கம் போகிற ஒரு கோடு. முப்பதாவது தடவையில் கை தானாகவே போயிற்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு ஃபாரத்தில் இரண்டு இடத்தில் போட்டேன்.

எங்கள் கார் ரோட்டுக்கு வந்ததும் ஆட்கள் தேடி வந்தார்கள். ஃபைபர் பாடிக்கு அச்சு இருக்கிறதே, இன்னும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் வந்தவர் மார்த்தாண்டத்தில் பல் டாக்டர். பாடியை மட்டும் எங்களிடம் வாங்கி, சேஸிஸை அவரே ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டினார். கோணல்மாணலாக இருந்தாலும் அவர் கையால் செய்தது. அடுத்தவர் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர். அவர் சேஸிஸையும் சேர்த்து வாங்கினார், எஞ்சினை மட்டும் ஒரு மெக்கானிக்கை வைத்து இறக்கினார். கடைசியாக வந்தவர் ஜவுளிக்கடை முதலாளி. "கலர் நான் சொல்லுதேன், மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். எல்லாருக்கும் நம்பர் வேண்டும். ஆக்கர் கடைக்காரர் எங்களுக்காக ஆர்.சி. புக்கோடு நசுங்கிய வண்டிகளை ஒதுக்கி வைக்கத் தொடங்கினார். எங்காவது விபத்து என்று பேப்பரில் வந்தால் அண்ணன் முதலில் பார்ப்பது என்ன மாடல் வண்டி என்பதை. காப்பி குடித்துக்கொண்டே பார்ப்பான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினோம். ஆரம்பத்தில் ஸ்பானரும் கையுமாக வருவார்கள். 2009 வாக்கில் ஒரே மாதிரி பனியன் அடித்தார்கள், முதுகில் கிளப் பெயர். பிறகு கேமரா வந்தது. பானெட்டைத் திறப்பதே போட்டோவுக்காகத்தான் என்று ஆயிற்று. எஞ்சின் பின்னால் இருக்கிற காரில் முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டெப்னி டயரை உற்றுப் பார்ப்பதுபோல ஜவுளிக்கடை முதலாளி நின்றார். "தங்கச்சி, வடை ஏற்பாடு செஞ்சாச்சா?" என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி. அந்தக் காரின் ஒவ்வொரு பைப்பையும் அளந்து வெட்டினவள் நான். ஃபைபர்காரர் வருவதைக் குறைத்துக்கொண்டார். "ரெசின் மணம் ஆகாத ஆளுகளுக்க கூட எனக்கு என்ன பேச்சு" என்றார்.

மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை நடக்கிற ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் இருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள் என்று நாலு காரையும் அங்கே கொண்டு போய் நிறுத்தத் திட்டம் போட்டார்கள். நாங்கள் சர்ச்சுக்காரர்கள், ஆனாலும் மண்டைக்காட்டுக்குப் போகாத ஆள் இந்தப் பக்கத்தில் யார்? கடற்கரைக்குப் போகிற வழியில் ஓரமாக வரிசையாக நிறுத்தினோம். கூட்டம் மொய்த்தது. அண்ணன் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பொங்கல் வைத்துவிட்டு வருகிறாள், கையில் துணி சுற்றிய பானை, முகமெல்லாம் புகை. காரை அவள் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"இந்த நம்பர் எப்பிடி உங்களுக்குக் கிடைச்சு?"

"ஏன் கேக்கீங்க?"

"இது எங்க வண்டிக்க நம்பர்."

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஓடி வந்தான். "இது புது வண்டிம்மா. நம்பர் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். தப்பாப் பாத்திருப்பீங்க."

"தப்பாப் பாக்க முடியாது" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்க வீட்டுக்காரரு இந்த வண்டியிலதான் செத்தாரு. நானும் உள்ள இருந்தேன்."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி மெல்ல நகர்ந்து தன் காருக்குப் பின்னால் போய் நின்றார். அண்ணன் சிரித்தான். பதற்றத்தில் வந்த சிரிப்புதான், ஆனாலும் சிரித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, எந்த ஊர், எந்த வீடு என்று மட்டும் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. சொன்னாள்.

திரும்பி வரும்போது அந்தக் காரில் நான் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தேன். கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கூப்பிட்டு அனுப்பி ஃபைபர்காரரும் வந்திருந்தார்.

"செத்த ஆளு கல்ஃப்ல இருக்காருன்னு ஏன் பொய் சொன்னே?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"சொன்னா நீ போட்டுருப்பியா?"

"எல்லாருக்க வண்டியும் அப்பிடித்தான் ஓடுது. இதுல என்ன புதுசா?" என்றார் ரப்பர் தோட்டக்காரர். "பேசாம இருந்தா ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு எங்க போய்ச் சொல்லப் போவுது?"

ஃபைபர்காரர் எழுந்தார்.

"எங்க பக்கத்துல வள்ளத்துல பொய் நம்பர் எழுத மாட்டோம், கேட்டீரா? வள்ளம் கவுந்தா அந்த நம்பரை வச்சுத்தான் யாருக்க வீட்டுல போய்ச் சொல்லணும்னு தெரியும். நீங்க செத்தவனுக்க நம்பரைக் கட்டிக்கிட்டு பனியன் போட்டுச் சுத்துதீங்க." அண்ணனைப் பார்த்து, "அச்சை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். மறுநாள் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனவர், அதை உடைத்துத் தன் வள்ளக் கொட்டகைப் பள்ளத்தில் போட்டு மூடிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். இரணியல் பக்கம் ஓட்டு வீடு. முன்னறையில் தையல் மிஷின், பாதி தைத்த ஜாக்கெட்டுகள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சர்வீஸ் பில், ஃபாரம், என் கை.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அவருக்க கையெழுத்தை நீங்க போட்டீங்க?"

"ஆமா."

"அவரு போடுத மாதிரியே இருந்துதா?"

"இருந்துது."

மிஷின் டிராயரைத் திறந்து அளவு எழுதுகிற நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"போடுங்க பாப்போம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பேனாவை வாங்கினேன். நாலு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. சுழி, இறக்கம், கோடு. ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்தது. அந்தக் கையை அப்போதே வெட்டிப் போடலாம்போல இருந்தது எனக்கு.

அவள் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கடைசிக் கோட்டை இவ்வளவு நீட்ட மாட்டாரு" என்றாள். அந்தத் தாளைக் கிழித்தாள். எறியப் போகிறாள் என்று நினைத்தேன். நாலாக மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"நான் ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்கட்டா?" என்று கேட்டேன்.

"குடுத்தா என்னையும் கூப்பிடுவாங்க. செத்த சர்டிபிகேட்டைத் தூக்கிட்டு இனியும் ஒரு ஆபீஸ் படி ஏற எனக்கு ஏலாது. அந்த நம்பர் ரோட்டுல ஓடக்கூடாது. அதை மட்டும் செய்யுங்க. இனி இங்க வராதீங்க."

அண்ணனிடம் சொன்னேன். நம்பரைக் கழற்றினால் கார் எதற்கு என்றான். எனக்கும் அதே எண்ணம்தான். அடுத்த ஞாயிறு அவனும் மைனியும் ஆராதனைக்குப் போன பிறகு கொட்டகையைத் திறந்தேன். கிரைண்டரை எடுத்து, நம்பர் பிளேட் இரண்டையும், சேஸிஸில் அந்தப் பழைய வண்டியின் நம்பர் அடித்திருந்த இரும்புத் துண்டையும் வெட்டினேன். பிறகு சீட்டுக்குப் பின்னால் குறுக்கே போகிற நாலு பைப்பையும் வெட்டினேன். எந்த இடத்தில் வெட்டினால் மறுபடி ஒட்ட முடியாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நடு முதுகு முறிந்து கார் தரையில் உட்கார்ந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினான். இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

மற்றவர்களின் கார்களும் அதிக நாள் ஓடவில்லை. அவர்களுக்கு மனசாட்சி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வண்டிச் சோதனை கடுமையாகத் தொடங்கியதும் தோட்டக்காரர் தன் காரைக் கேரளாவில் யாருக்கோ தள்ளிவிட்டார். பல் டாக்டர் மட்டும் தானாகவே தன் காரைப் பிரித்து, ஆர்.சி. புக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஜவுளிக்கடை முதலாளிக்கு இரண்டே வருஷத்தில் பெரிய பைக் மேல் ஆசை வந்துவிட்டது. எங்கள் மஞ்சள் பாடியை அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்துக்கு விற்றான். ஒரு சொந்தக்காரர் வீட்டு வரவேற்பில் அதைப் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில், சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா, எஞ்சின் இருந்த இடத்தில் புகை விடுகிற பெட்டி. மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் உட்கார்ந்து ஓட்டுவதுபோல கை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

2014 என்று நினைக்கிறேன், ஒரு சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இரணியல் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். கையில் ஒரு கட்டு ஜாக்கெட் துணி. அவளும் என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துவிட்டது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தை விலக்கி பஸ்ஸில் ஏறி, எனக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.